கத்திரி வெயிலில் ஹாலுக்குள் ஆட மூன்று ஆட்டங்கள்

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால், வேலூரில் காலை பத்து மணிக்கே தெருவில் ஆள் இருக்காது. வெயில் சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் பாறை மலை என்பதால் பொழுது சாய்ந்த பிறகும் அனல் இறங்காது. லீவுக்கு வந்த நாத்தனார் பிள்ளைகள், நம் பிள்ளைகள், எதிர்வீட்டுப் பையன் என்று நாலைந்து பேர் ஹாலில் அடைந்து கிடப்பார்கள். அவர்களை வைத்து என்ன ஆடலாம்?

முதலில் ஒன்று: ஆள் குறைவாக இருக்கும்போது ‘அவுட்’ உள்ள ஆட்டத்தைத் தொடாதீர்கள். இருபது பேர் ஆடும் மியூசிக்கல் சேரில் நாலு பேர் அவுட் ஆனாலும் கலகலப்பு குறையாது. ஐந்து பேரில் இரண்டு பேர் அவுட் என்றால் ஒருவன் செல்போனைத் தேடுவான், இன்னொருவன் ஆடுகிறவனைக் கிள்ளுவான். அதனால் கடைசிவரை எல்லோருக்கும் வேலை இருக்கும் ஆட்டங்களாகப் பார்த்துச் சொல்கிறேன். கட்சி பிரிக்க சாட் பூட் த்ரீ போதும்.

ஆடு புலி ஆட்டம்

இரண்டு பேர் ஆட்டம்தான். ஆனால் கட்சி கட்டினால் ஆறு பேர் வரை தாராளமாக ஆடலாம். எட்டு வயதுக்கு மேல் நன்றாகப் பிடிபடும்.

பழைய ஷூ டப்பாவைப் பிரித்துப் பரப்புங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ டப்பா இல்லாத வீடு ஏது! ஸ்கெட்ச் பேனாவும் ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. அட்டையின் மேலே நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விசிறிபோல் நாலு கோடுகள்.
2. நாலு கோடுகளின் கீழ் முனைகளையும் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு. இது அடிக்கோடு.
3. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் மூன்று படுக்கைக் கோடுகள். இவை மூன்றும் ஒரே நீளம்; விசிறிக்கு வெளியே இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும்.
4. அந்த மூன்று கோடுகளின் இடது முனைகளைச் சேர்த்து ஒரு நெட்டுக் கோடு, வலது முனைகளைச் சேர்த்து இன்னொன்று. ஒரு பெட்டி கிடைக்கும்.
5. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று கோடுகளிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 வந்தால் கட்டம் சரி.

காய்களுக்கு 15 புளியங்கொட்டை ஆடுகள், 3 சோடா மூடி புலிகள். ஒரு புலியை உச்சியிலும், மற்ற இரண்டை அதற்குக் கீழே முதல் படுக்கைக் கோட்டின் நடு இரண்டு இடங்களிலும் வையுங்கள்.

ஆட்டுக்காரர் முறைக்கு ஒரு ஆடாகக் காலி இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆடு வைத்ததும் புலிக்காரர் ஒரு புலியைக் கோட்டு வழியே பக்கத்து இடத்துக்கு நகர்த்துவார். பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு நேர் பின்னால் காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். பதினைந்தும் இறங்கும்வரை ஆடுகள் நகரக் கூடாது. பிறகு அவையும் ஓரிடம் ஓரிடமாக நகரலாம். மூன்று புலிகளையும் அசைய விடாமல் அடைத்தால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது வீட்டுக்கு வீடு மாறும். புதிதாக ஆடும் பிள்ளைகளுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் சீக்கிரம் முடியும்.

புதிதாக ஆடுகிறவர்கள் ஆடுகளை நடுவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். புலிக்குக் கல்யாணச் சாப்பாடு! பெட்டியின் நாலு மூலை, அடிக்கோட்டின் இரண்டு முனை, ஆக ஆறு இடங்களில் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அங்கே கோடு முடிந்துவிடுவதால் குதித்து இறங்க இடமில்லை. முதல் ஆறு ஆட்டை அங்கே வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இதை முதல் ஆட்டத்திலேயே சொல்லிவிடாதீர்கள். இரண்டு முறை தோற்றபின் அவர்களே கண்டுபிடிக்கும்போது போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கெடுப்பானேன்.

கட்சியாக ஆடும்போது ஒருவர் மாற்றி ஒருவர் காயைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் பெரியவனே எல்லாவற்றையும் நகர்த்திக்கொண்டிருப்பான்.

ராஜா ராணி சீட்டு

ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சீட்டிலாவது இருக்கட்டும்.

ஐந்து பேருக்கு ஐந்து சீட்டு: ராஜா 1000, ராணி 900, மந்திரி 800, போலீஸ் 500, திருடன் 0. நாலு பேர் என்றால் மந்திரியை எடுத்துவிடுங்கள். ஒரே அளவில் வெட்டி, ஒரே பேனாவில் எழுதி, நாலாக மடித்துக் குலுக்கிப் போடுங்கள். ஆளுக்கொன்று எடுத்து ரகசியமாகப் பார்த்துக்கொள்ள, போலீஸ் மட்டும் கையைத் தூக்கி, முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் 500 அவருக்கு. தப்பினால் அந்த 500 திருடனுக்கு. பத்துச் சுற்று முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். கசங்கிய சீட்டைப் பிள்ளைகள் அடையாளம் வைத்துக்கொள்வார்கள், அதனால் நடுவில் ஒருமுறை புதிதாக எழுதுவது நல்லது.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்

மணலில் ஆடுவது. ஹாலில் மணலைக் கொட்டினால் துடைப்பத்தோடு நாம்தான் அலைய வேண்டும், அதனால் ஒரு துண்டு போதும். துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தரையில் விரியுங்கள். ஒளிக்கிறவர் ஒரு புளியங்கொட்டையோடு மடிப்புக்குள் கையை விட்டு, பாட்டுப் பாடியபடி முன்னும் பின்னும் ஓட்டி, எங்கேயோ நைசாக விட்டுவிட்டு வெறுங்கையை எடுப்பார். மற்றவர்கள் முறை வைத்து, இரண்டு கைகளையும் கோத்துத் துண்டின் மேல் ஓர் இடத்தில் பொத்த வேண்டும். கொட்டை அகப்பட்டால் அடுத்து அவர் ஒளிக்கலாம்.

யாருக்கும் அகப்படாவிட்டால் ஒருவர் கண்ணைப் பொத்தி, கையில் கொட்டையைக் கொடுத்து வீட்டைச் சுற்றி அழைத்துப் போங்கள். ஓரிடத்தில் அதை வைக்கச் சொல்லி, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து விடுங்கள். பிறகு அவரே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். சமையலறைக்குள் மட்டும் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நாலு வயசுக் குட்டி ஒன்று கூட இருந்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளலாம்: சீட்டைக் குலுக்கிப் போடவும், ஆட்டை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமே. கொட்டையை வாயிலோ மூக்கிலோ போடும் வயசென்றால் புளியங்கொட்டைக்குப் பதில் பெரிய பாட்டில் மூடியாக மாற்றிவிடுங்கள்.