தமிழ்வழி மாணவருக்கு வெப்ப இயக்கவியல் பிடிபட்ட வழி

கடலூரில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழி இளநிலை இயற்பியலில் சேர்ந்த எனக்கு, கணக்குகள் சரியாக வந்தபோதும் வெப்ப இயக்கவியலின் விளக்க விடைகளில் மட்டும் மதிப்பெண் கிடைக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போனேன். பேச்சு தேறியது, பாடம் தேறவில்லை. அகராதியும் கைகொடுக்கவில்லை, நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடும்.

வழி திறந்தது மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில். அதன் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளை இலவசமாகப் பதிவிறக்கி, வெப்ப இயக்கவியல் அலகை அருகருகே வைத்துப் படித்தேன். இங்கே பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு: பக்க எண்ணை நம்பினால் இடம் தவறும், சமன்பாட்டு எண்ணையும் பட எண்ணையும் பிடித்துக்கொண்டால் ஒரே கருத்து இரண்டிலும் அகப்படும். அழுத்தம்-பருமன் வரைபடத்தில், வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் வளைகோடு வெப்பநிலை மாறா நிகழ்வின் வளைகோட்டைவிடச் செங்குத்தாக இறங்குவதற்குக் காரணம், விரிவடையும் வாயு தன் அக ஆற்றலைச் செலவிட்டே வேலை செய்வதால் அதன் வெப்பநிலையும் சேர்ந்து குறைவதுதான். இதைத் தமிழில் தெளிந்தபின் இரு நூல்களையும் மூடிவிட்டு, வரைபடத்தை நானே வரைந்து, அதைப் பார்த்தே ஆங்கிலத்தில் விடை எழுதி, பிறகு ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தினேன்.

அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் விளக்க விடைகளுக்கும் மதிப்பெண் வந்தது, பெரும் நிம்மதி. பள்ளி நூலைத் தாண்டிய பகுதிகளைக் கல்லூரி நூலிலேயே இப்போது படிக்க முடிகிறது.