மியூசிக்கல் கலைஞரிடம் எட்டு நிமிடம்: மாணவர் எப்படித் தயாராவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாரக்கடைசிகளில் கர்நாடகப் பாட்டும் பரதமும் கற்று, பிறகு கல்லூரியில் நிகழ்த்துகலை படிக்கப் போகிற பிள்ளைகளுக்காக இது. மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் நாடகம். அந்த மேடையில் சம்பளத்துக்கு ஆடிப் பாடுகிற ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் மாஸ்டர்கிளாஸ் (ஒவ்வொருவராகப் பாடவைத்துத் திருத்தும் வகுப்பு) எடுக்கிறார் என்று வையுங்கள். பதினைந்து பேர் பதிந்திருந்தால் ஆளுக்கு எட்டு நிமிடம். தாளைத் தேடவும் பியானிஸ்டிடம் வேகம் சொல்லவும் மூன்று நிமிடம் போனால் மிச்சம் ஐந்து.

அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் நன்றாகப் பாடுகிறீர்களா என்று வந்தவர் பார்க்கப் போவதில்லை. அது முதல் நான்கு பாரிலேயே (பார் என்பது மேற்கத்தியத் தாளின் ஒரு தாளச் சுற்று) தெரிந்துவிடும். மேடைக்காரர்கள் திருத்தத்தை 'நோட்' என்பார்கள். நோட் கொடுத்தவுடன் அடுத்த தடவையே பாட்டு மாறுகிறதா என்பதைத்தான் பார்ப்பார். ஆகவே, எந்தப் பக்கம் இழுத்தாலும் உடையாத அளவு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். நேற்று கற்ற கடினமான பாட்டு வேண்டாம்.

பாட்டும் வெட்டும்

முழுப் பாட்டும் வேண்டாம்; வழக்கமாகக் கேட்பது அதிலிருந்து வெட்டியெடுத்த 16 பார் அல்லது 32 பார். நான்கு எண்ணிக்கைப் பாட்டில் 16 பார் என்பது 64 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 32 விநாடி, 80 அடி வேகத்தில் 48 விநாடி. உச்சஸ்தாயி எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியை வெட்டியெடுப்பதுதான் மாணவர் வழக்கம். அதைவிட, பாடுகிற பாத்திரம் ஒரு முடிவுக்கு வரும் இடத்தை வெட்டியெடுங்கள். தொடக்கத்தில் ஒரு மனநிலை, கடைசியில் வேறொன்று என்றிருந்தால்தான் சொல்லிக்கொடுப்பவருக்குப் பிடித்துத் திருகக் கைப்பிடி கிடைக்கும். வேகமான பாட்டு ஒன்று, நிதானமானது ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும். வருகிறவருக்கே பேர் வாங்கித் தந்த பாட்டை மட்டும் அவர் முன்னால் பாடாதீர்கள்.

பெரும்பாலும் அவர் முதலில் கேட்பது, 'பாடாமல் பேசிக் காட்டு.' பலருக்கு இங்கேதான் வரி மறந்துபோகிறது. மெட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்ததால், மெட்டை எடுத்தால் சொல்லும் கூடவே போய்விடும். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பாட்டை வெறும் பேச்சாக, முதலில் வேகமாக, பிறகு மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். யாரிடம் சொல்கிறேன், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், ஏன் இன்றைக்கு? மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'சோகமான பாட்டு' என்பது பதிலாகாது. 'அவன் கதவைத் திறக்க வேண்டும்' என்பது பதில்.

பியானிஸ்டுக்குக் கொடுக்கும் தாள்

மாணவர் அதிகம் சொதப்புவது இங்கேதான். தனித்தனித் தாள் காற்றில் பறக்கும், ஸ்டேபிள் அடித்த கட்டு விரிந்து நிற்காது. மூன்று பக்கம் வரை இருந்தால் தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி விசிறிபோல மடியுங்கள். அதற்கு மேல் போனால் ரிங் ஃபைலில் இரண்டு பக்கமும் அச்சிட்டுப் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கொளியில் கண்ணாடியாகிவிடும், தவிர்க்கலாம். நகல் எடுக்கும்போது அடிவரி வெட்டுப்படாமல் பாருங்கள். பியானிஸ்டின் இடக்கை வாசிக்க வேண்டியதே அந்த வரிதான். அது இல்லாவிட்டால் பாட்டுக்கு அஸ்திவாரமே இல்லை.

தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பென்சிலால் தடித்த கோடு போட்டுக் காட்டுங்கள். விட்டுவிடும் பார்களை முழுக்க அடித்துவிடுங்கள், அம்புக்குறி போட்டுத் தாவச் சொல்லாதீர்கள். பியானோ அருகே போனால் சொல்ல வேண்டியவை மூன்று: எந்த வேகம், எப்படித் தொடங்குவது (இரண்டு பார் முன்னிசையா, ஒற்றை ஸ்வரமா), எங்கே இழுத்து நிற்பேன். வேகத்தை விரல் சொடுக்கிச் சொல்வது மரியாதைக் குறைவு. முதல் இரண்டு வரியை மெல்ல அவர் காதுக்குப் பாடிக் காட்டினால் வேகமும் பாவமும் சேர்ந்தே போய்ச்சேரும். 'அரைக் கட்டை இறக்கி வாசிக்க முடியுமா?' என்று அங்கே நின்று கேட்காதீர்கள். உங்கள் சுருதிக்கு எழுதிய தாளை வீட்டிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டையும் ஸ்வரமும்

கர்நாடகப் பயிற்சி உள்ளவருக்கு ஒரு குழப்பம் நிச்சயம் வரும். நாம் சுருதியை நமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறோம். இங்கே சுருதி தாளிலேயே அச்சாகி வருகிறது. நாம் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டை என்பது பியானோவின் சி, ஐந்து என்பது ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு நடு சி-க்கு மேலுள்ள சி, தாரஸ்தாயி அந்தர காந்தாரம். அதற்கடுத்த டி, தாரஸ்தாயி பிரதி மத்யமம். பெண்குரலுக்கு எழுதிய பல பாட்டுகளின் உச்சம் இந்த இடத்தைச் சுற்றியே நிற்கிறது. அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். கீர்த்தனையில் தொட்டு வந்த இடம்தான். வித்தியாசம், இங்கே தொட்டுவிட்டு இறங்க முடியாது, நான்கு அடிக்கு நின்றாக வேண்டும்.

நிற்கும்போது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, தன்னால் வரும். தனித் தம்பூராவுக்கு அது அழகு. பியானோ அடியில் மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்திக்கொண்டிருக்கையில் உங்கள் காந்தாரம் மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு வந்தால் அபஸ்வரமாகத்தான் கேட்கும். பாட்டை சரளி வரிசைபோல அசைவில்லாத ஸ்வரங்களாகப் பாடிப் பழகுங்கள். நீளமான ஸ்வரத்தை நேராக நிறுத்தி, கடைசி அடியில் மட்டும் அசைவு வரவிடுங்கள். மேடைக்காரர்கள் பலர் செய்வதும் அதுதான். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்திருந்தாலும் அகாரப் பயிற்சி ('ஆ' என்று நீட்டிப் பாடுவது) வாயில் தங்கியிருக்கும்; 'நைட்' என்ற சொல்லில் 'நா'விலேயே நின்று கடைசி நொடியில் 'இட்' என்று மூட வேண்டும். முன்கூட்டியே 'இ'க்குப் போனால் குரல் நசுங்கும்.

தாளத்தில் நமக்கு ஆதாயம் உண்டு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் டான்ஸ் வகுப்பின் எட்டும் ஒரே நீளம். பாட்டு, பார் தொடங்குவதற்கு முன்பே எடுத்தால் அது நம் அதீத எடுப்பு. 'ஐந்து, ஆறு, ஏழு, எட்டு' என்று எண்ணி உள்ளே விடுவது மட்டும் புதிது.

நாம் உண்மையில் தடுமாறுவது பலகுரலில், அதாவது பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வர வரிகளைப் பாடுவதில். 1959-ல் ஜோஹானஸ்பர்க்கில் அரங்கேறிய 'கிங் காங்' தொடங்கி 1987-ல் மார்க்கெட் தியேட்டரில் வந்த 'சராஃபினா!' வரை இந்த நாட்டு மியூசிக்கல்களின் பலம் கூட்டுக்குரல். ஒற்றை மெட்டில் வளர்ந்த காது, பக்கத்தில் நிற்பவர் மெட்டைப் பாடியதும் அங்கே ஓடிவிடும். மெட்டை போனில் பதிந்து ஓடவிட்டு, உங்கள் வரியை ஸ்வரம் சொல்லிப் பாடுங்கள். பத்து நாள் போதும், காது நிலைக்கும்.

ஜூலு, கோசா கோரஸ் பிள்ளைகள் பலர் டானிக் சோல்ஃபா (ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) தாளில் கற்றவர்கள். அந்தத் தாள் உங்கள் கைக்கும் வரும். டோ என்பது சுருதியோடு நகரும், நம் ஷட்ஜம் மாதிரியே. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்பது சங்கராபரணம். இரண்டு இடத்தில் கால் இடறும்: 'மி' என்றிருப்பது நம் மத்யமம் இல்லை, காந்தாரம், 'சோ' என்றிருப்பது ஷட்ஜம் இல்லை, பஞ்சமம். அவசரத்தில் 'சோ'வைப் பார்த்து 'ஸ' பாடிவிட்டால் மொத்த வரிசையும் திரும்பிப் பார்க்கும். எழுத்துக்கு நடுவே வரும் இரட்டைப்புள்ளி அடியைப் பிரிக்கிறது, சிறு கோடு முன் ஸ்வரத்தை நீட்டுகிறது.

ஆட்டம்

பரதம் ஆடியவருக்குத் தாளமும் முகமும் கையில் இருக்கும். பாரம்தான் தப்பு. அரைமண்டியில் உட்கார்ந்து முழுப்பாதம் தட்டிய உடம்பு, ஜாஸ் அசைவில் முன்பாதத்தில் எடையை ஏற்ற மறுக்கும். அதனால் எல்லோரும் நகர்ந்த பிறகுதான் நீங்கள் நகர்வீர்கள், அரை அடி தாமதமாகும். அதிலும் குதிகால் ஷூ போட்டுக்கொண்டு தட்டினால் முழங்காலும் இடுப்பும் பதில் சொல்லும். ஒரு மாதம் முன்னாலிருந்தே ஷூ போட்டுப் பழகுங்கள், முதலில் தட்டையான ஜாஸ் ஷூ, பிறகு குதிகால். வகுப்பன்று புது ஷூ வேண்டவே வேண்டாம்.

கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது நம் பாடம். கோரஸ் வரிசையில் இருபது பேர் கண்ணும் ஒரே இடத்தில், பால்கனியின் கீழ் விளிம்பில் நிற்க வேண்டும். ஒருவர் கண் மட்டும் கையோடு அலைந்தால் பார்வையாளர் அவரைத்தான் பார்ப்பார், பாராட்டி அல்ல.

ஆட்டம் சொல்லித்தரும்போது கால் அசைவை முதலில் பிடியுங்கள், பிறகு திசை, கடைசியில் கை. வரிசைகள் இடம் மாறும்போது பின்னால் ஒளியாதீர்கள். முன்னால் பார்த்து ஆட ஆள் இல்லாதபோதுதான் எது மனதில் பதிந்தது, எது பதியவில்லை என்று தெரியும். வளையல், சலங்கை, தொங்கட்டான் எல்லாம் பைக்குள். கூந்தல் கட்டியிருக்கட்டும். இங்கே 'சிக்ஸ் ஃபுட்' என்று பேர் வாங்கிய தெருக்கூத்து ஆடியவர்களுக்கு, ஆடிக்கொண்டே பாட மூச்சை எங்கே எடுப்பது என்பது ஏற்கெனவே தெரியும். மற்றவர்கள் கயிறு தாண்டிக்கொண்டே பாட்டைச் சொல்லிப் பழகலாம்.

நோட் வாங்குவது

குரு முன்னால் வாய் திறக்காமல் நிற்பதை மரியாதை என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். இந்த ஸ்டுடியோவில் மௌனத்துக்கு 'புரியவில்லை' என்றே அர்த்தம். நோட் வந்ததும் ஒரே வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: 'இரண்டாவது வரியில் மூச்சு எடுக்காமல் போகணும், சரியா?' உடனே செய்யுங்கள். 'வீட்டில் நன்றாக வந்தது', 'எங்கள் டீச்சர் இப்படிச் சொன்னார்' இரண்டும் நிமிடத்தைத் தின்னும். நோட்டைப் பாதியாகச் செய்யாதீர்கள். மிகையாகச் செய்தால் அவர் குறைத்துக் கொடுப்பார். பாதியாகச் செய்தால் அவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. 'மறுபடியும்' என்று அவர் சொன்னால் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஒத்திகையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற சொல் அது.

கேள்வி நேரத்தில் 'எப்படிப் பெரிய ஆளானீர்கள்?' என்று கேட்டால் பேட்டியில் வந்த பதிலே வரும். 'சனிக்கிழமை இரண்டாவது ஷோவில் குரலை எங்கே மிச்சம் பிடிப்பீர்கள்?' என்று கேளுங்கள். பெரிய தயாரிப்புகளில் வாரத்துக்கு எட்டு ஷோ வழக்கம். அந்த எட்டைத் தாங்கும் வித்தை எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் கதாநாயகியைவிட 'ஸ்விங்'கைப் பிடியுங்கள். யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் இறங்கும் ஆள் அவர். கோரஸில் பல பேருடைய பாதையை நோட்டுப்புத்தகத்தில் வரைந்து வைத்திருப்பார். மேடை முன்விளிம்பில் நடுவில் பூஜ்யம், இருபுறமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருக்கும் எண்களை வைத்தே அந்தக் கணக்கு. டர்பனில் ஆன்டன் லெம்பேடே தெருவிலுள்ள பிளேஹவுஸ் அரங்கில் ஏதாவது மியூசிக்கல் வந்தால் ஒருமுறை மாடியிலிருந்து பார்த்து, ஒரே ஒரு கோரஸ் ஆளை மட்டும் முதல் காட்சியிலிருந்து கடைசிவரை கண்ணால் தொடருங்கள்.

பக்கமேடையில் நின்று பார்க்க அனுமதி தந்தால் கறுப்பு உடை, சத்தமில்லாத ஷூ, அணைத்த போன். மேஜையில் கோடு போட்டு வைத்திருக்கும் பொருள் எதையும் தொடாதீர்கள். 'ஹாஃப்' என்று குரல் வந்தால் அரை மணி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கப்படி அது திரை தூக்க 35 நிமிடம் முன்பு. 'பிகினர்ஸ்', அதாவது முதலில் தோன்றுபவர்களை மேடைக்கு அழைக்கும் குரல், 5 நிமிடம் முன்பு.

தொண்டை

வகுப்புக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உதட்டை அதிரவைத்து மேலும் கீழும் போங்கள். இல்லாவிட்டால் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி, குமிழி விட்டுக்கொண்டே பாடுங்கள். முந்தைய இரவு காரமான கறியைச் சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலேறி காலையில் குரல் கனக்கும். மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். காவடி விரதத்தில் இருப்பவர்கள் ஆட்ட வகுப்பு அன்று உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

டர்பன் ஈரக்காற்றில் பாடிய குரல் ஆடிஷனுக்காக ஜோஹானஸ்பர்க் போனால், அதுவும் ஜூன், ஜூலையில், காய்ந்துபோகும். அந்த ஊர் கடலுக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டர். காற்று மெலிந்தது, குளிர்காலத்தில் வறண்டது, நீண்ட வரி பாதியில் மூச்சு வாங்கும். முடிந்தால் இரண்டு நாள் முன்பே போய், தண்ணீரை முதல் நாளிலிருந்தே குடித்து, மூச்செடுக்கும் இடங்களைத் தாளில் ஒன்றிரண்டு கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டுகளை அன்றிரவே எழுதுங்கள்: அவர் சொன்ன சொல், நான் செய்தது, மாறியது என்ன. உங்கள் ஆசிரியர் சொன்னதற்கும் வந்தவர் சொன்னதற்கும் முரண் இருந்தால் ஒரு வாரம் ஒன்றை மட்டும் முயன்று, பதிந்து கேட்டுப் பாருங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். வலி வந்தால் யார் சொன்ன நோட்டானாலும் அங்கேயே நிறுத்துங்கள். குரல் கம்மல் இரண்டு வாரம் தாண்டினால் பாட்டு வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.