ரா படத்தில் நாய்ஸ் நீக்கும்போது செய்யும் தவறுகள்

கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவை) 6400 வைத்து எடுத்தால் நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், வரத்தான் செய்யும். அதை நீக்க இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. பெரும்பாலும் படம் கெடுவது அவற்றால் அல்ல. அவற்றை எந்தக் கட்டத்தில் ஓட்டுகிறோம் என்பதால்தான்.

கலர் சரிசெய்து, ஷார்ப்னிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) ஏற்றி, ஜேபெக் எடுத்த பிறகு டீநாய்ஸை, அதாவது நாய்ஸ் நீக்கும் வசதியைத் தேடுபவர்கள் பலர். அது தலைகீழ் வழி. ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்தபடியே இருக்கும் படத்தில், பொதுவாக ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பதிந்திருக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்பும்போது நாய்ஸும் கூடவே பரவி, திட்டுத் திட்டாகிவிடும். அதன்மேல் ஷார்ப்னிங் ஏறினால் திட்டுகளுக்கும் விளிம்பு முளைக்கும். எது நாய்ஸ், எது ஜரிகை என்று பிரிப்பது எந்த மென்பொருளுக்கும் கஷ்டமாகிவிடும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸும் டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைமும் ரா தரவிலேயே கை வைப்பது இதனால்தான். எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் ஸ்லைடர்களை முன்பே நகர்த்தியிருந்தால் பாதகமில்லை. ஹீலிங் (கறை, தழும்பை மறைப்பது), ஏஐ மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் ஏஐ மூலம் தேர்ந்தெடுப்பது) எல்லாம் டீநாய்ஸுக்கு அப்புறம்.

அடுத்தது, ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. வேறொரு மென்பொருளில் சுத்தம் செய்த டிஎன்ஜியை (ரா படத்துக்கான ஒரு ஃபைல் வகை) லைட்ரூமில் திறந்ததும் ஷார்ப்னிங், நாய்ஸ் ஸ்லைடர்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்; அதே வேலையை அவை மறுபடியும் செய்துகொண்டிருக்கலாம். கேமராவில் இருக்கும் ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன் பொதுவாக ஜேபெக்குக்கு மட்டும்தான். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

அளவு விஷயத்தில் நான் கஞ்சன். கலர் திட்டுகளைத் தாராளமாக நீக்கலாம். மணல் போன்ற வெளிச்ச நாய்ஸில் கொஞ்சம் இருக்கட்டும். 100 சதவீதத்தில் வைத்து மணப்பெண்ணின் புருவத்தையும் பட்டுக் கரையையும் பாருங்கள். புருவ முடிகள் ஒட்டிப்போய் மை தீட்டியதுபோல் ஆனால் அளவு கூடிவிட்டது. பின்னால் இருக்கும் பேனர் எழுத்துகளையும் பாருங்கள். ஏஐ சில சமயம் எந்த மொழியிலும் இல்லாத எழுத்தைப் போட்டுவிடும்!

அப்புறம், படம் எங்கே போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 6000 பிக்சல் அகலப் படத்தை 2048-க்குச் சுருக்கினால் ஏறக்குறைய எட்டரைப் பிக்சல்கள் ஒன்றாகின்றன. நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு டீநாய்ஸே தேவைப்படாமல் போகலாம். பெரிய ஆல்பம் பிரிண்ட் வேறு கதை.

நாய்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து, இருட்டாக எடுத்து, பிறகு மென்பொருளில் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) ஏற்றுபவர்களும் உண்டு. நாய்ஸைப் பெரிதும் தீர்மானிப்பது சென்சாரில் விழுந்த வெளிச்சம். மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது 1/250 நொடி ஷட்டர் வேகம் எதற்கு? 1/125 வைத்தால் இரு மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.