டீசலை மிச்சப்படுத்த இறக்கையை வெட்டலாமா? புரொப்பெல்லர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் பெர்ணம் ஆறும் மீன்பிடிப் படகுகளும்தான். எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்துவிட்டு ஆற்றங்கரைப் படகுப் பட்டறைக்கு மாறிய முதல் வாரத்தில், தரையில் மூன்று வெண்கலத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓர் அங்குல அகலம். ஒரு விளிம்பு வழவழப்பாக வளைந்திருந்தது, மறு விளிம்பில் கிரைண்டர் வெட்டிய தடம். 36 அங்குல விட்டமுள்ள ஒரு புரொப்பெல்லரின் இறக்கை நுனிகள் அவை.

நடந்தது இதுதான். அந்த இழுவலைப் படகின் பழைய இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடியது. கியர்பாக்ஸ் 3-க்கு 1 என்பதால் புரொப்பெல்லர் 500 சுற்று சுழன்றது. தவுக்கே, அதாவது படகு முதலாளி, கால் பங்கு கூடுதல் சக்தியுள்ள, 1800 சுற்று ஓடும் புது இன்ஜினை வாங்கி, கியர்பாக்ஸை மாற்றாமல் பொருத்திவிட்டார். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், 500 சுற்றை 600 ஆக்க முன்னைப்போல் 1.73 மடங்கு சக்தி வேண்டும். கையில் இருந்ததோ 1.25 மடங்குதான். இன்ஜின் 1600-ஐத் தாண்டாமல் கரும்புகை கக்கியது. பட்டறையில் நுனியை வெட்டினார்கள், சுற்று ஏறியது, புகை நின்றது, எல்லோருக்கும் திருப்தி. டீசல் கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை.

சுற்று மாறாதபோது புரொப்பெல்லர் வாங்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் படியோடு மாறும். எனவே விட்டம் 36-லிருந்து 34 ஆனதும் சுமை ஏறத்தாழ கால் பங்கு குறைந்து, இன்ஜினுக்கு மூச்சு வந்தது உண்மைதான். ஆனால் நிறைய நீரை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவதே சிக்கனம், கொஞ்ச நீரை வேகமாகத் தள்ளுவது விரயம் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் பொறியாளர்களான ராங்கினும் ஃபிரவுடும் கணக்காகக் காட்டிவிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி உந்துசுமைக் கெழு, அதாவது இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்புக்கும் நீரின் வேகத்துக்கும் ஒப்பிட உந்துவிசை எவ்வளவு என்ற அளவு, 3 எனில் எட்டக்கூடிய உச்சத் திறன் 67 சதவீதம். அதே உந்துவிசையை 34 அங்குலத்தில் எடுத்தால் அந்த உச்சமே 65 ஆகிவிடும். இறக்கையின் உராய்வு இழப்பெல்லாம் இதற்கு மேல்தான். 3.5-க்கு 1 என்ற கியர்பாக்ஸை வைத்து, தேவைப்பட்டால் புரியிடைத் தூரத்தை, அதாவது ஒரு சுற்றில் திருகாணிபோல் முன்னேற வேண்டிய தூரமாகப் பட்டறையில் பிட்ச் என்று சொல்வதை, சற்றுக் கூட்டியிருந்தால் விட்டம் அப்படியே நின்றிருக்கும். கியர்பாக்ஸ் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் கிரைண்டருக்கு உடனே சம்மதித்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அதற்காக விட்டத்தை இஷ்டம்போல் கூட்டவும் முடியாது. நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் இடையே விட்டத்தில் 15 சதவீதமாவது இடைவெளி விடாவிட்டால், சேமித்த டீசல் அதிர்விலும் பேரிங் தேய்மானத்திலும் போய்விடும்.

அடுத்த தவறு நழுவலை, அதாவது கணக்கில் வரும் வேகத்துக்கும் படகின் உண்மை வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பற்றியது. 24 அங்குலப் புரியிடைத் தூரமுள்ள புரொப்பெல்லர் 600 சுற்றில் ஓடினால், திருகாணி மரத்தில் ஏறுவதுபோல் எண்ணிக் கணக்கிட, படகு மணிக்கு ஏறக்குறைய 12 கடல் மைல் போகவேண்டும், போவதோ 8. மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று பதறிப் புரொப்பெல்லரை மாற்றியவர்கள் உண்டு. நீர் மரமல்ல. நழுவல் இல்லாவிட்டால் உந்துவிசையே பிறக்காது. நழுவலின் அளவும் இழப்பின் அளவும் ஒன்றல்ல.

இறக்கையின் பரப்பளவில் இரண்டு பக்கமும் தவறலாம். 1837-இல் லண்டன் கால்வாயில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் இரண்டு முழுப்புரி கொண்ட மரத் திருகை வைத்துப் படகோட்டியபோது, அதில் பாதி உடைந்துபோக, படகு முன்னிலும் வேகமாக ஓடியது. தேவைக்கு மேற்பட்ட பரப்பு நீரை உராய்ந்துகொண்டிருக்குமே தவிர வேறு பயனில்லை. மறுபக்கம், சார்லஸ் பார்சன்ஸின் கதை. நம் எண்ணெய் ஆலைகளில் செம்பனை நாரையும் கொட்டை ஓடுகளையும் எரித்து மின்சாரம் எடுக்கிறோமே, அந்த நீராவிச் சுழலிக்கு மூலவர் அவர்தான். அவருடைய டர்பீனியா கப்பல் 1894-இல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சிறிய இறக்கைகள் மிக வேகமாகச் சுழன்றதால் அழுத்தம் விழுந்து நீர் ஆவிக்குமிழிகளாகி, இறக்கை பற்றிக்கொள்ள நீரில்லாமல் போயிற்று. மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர்களாகச் சுமையைப் பிரித்த பிறகுதான், 1897-இல் அது 34 நாட், அதாவது மணிக்கு 34 கடல் மைல், வேகத்தைத் தொட்டது.

அட்டவணையில் உள்ள திறனை அப்படியே நம்புவதும் தவறே. மாதிரிப் புரொப்பெல்லர்களைச் சோதித்துத் தயாரித்த நெதர்லாந்தின் வாகனிங்கன் பி வரிசை அட்டவணைகள் இன்றும் அருமையான தொடக்கப்புள்ளி. ஆனால் அவை தடையற்ற சீரான நீரில் அளந்தவை. படகின் பின்புறத்திலோ உடல் இழுத்துவரும் மந்தமான, சீரற்ற நீரில்தான் புரொப்பெல்லர் வேலை செய்கிறது. ஒரே இன்ஜினுள்ள இரண்டு படகுகளுக்கு ஒரே புரொப்பெல்லர் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

மலாக்கா நீரிணையில் போகும் பெரிய கப்பல்களில் இதே குறை வேறு உருவத்தில் வருகிறது. முழு வேகத்துக்கு வடிவமைத்த புரொப்பெல்லரை வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் வேகத்தைக் குறைத்து ஓடுகிறார்கள். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தித் தேவை சுமார் 27 சதவீதம் குறையும் என்பதால் அது நியாயமே. 2023 முதல் நடைமுறையில் உள்ள உலகக் கடல்சார் அமைப்பின் கரிம விதிகளும் அப்படித்தான் தள்ளுகின்றன. ஆனால் புது வேகத்துக்கு ஏற்ற புரொப்பெல்லரைப் போடாவிட்டால் கிடைக்கவேண்டிய சேமிப்பில் ஒரு பகுதி கைநழுவும்.

புரொப்பெல்லரோடு பொருத்தும் துணைக்கருவிகள் ஒவ்வொன்றும் மிச்சப்படுத்தும் சதவீதங்களைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1930-களில் ஜெர்மானியரான லுட்விக் கோர்ட் கொண்டுவந்த, புரொப்பெல்லரைச் சுற்றிப் பொருத்தும் வளையக்கூடு, வலையை இழுத்தபடி 3, 4 நாட் வேகத்தில் ஊரும் படகுக்கு வரப்பிரசாதம்; விரைந்தோடும் படகுக்கு அதே வளையம் பாரம். புரொப்பெல்லருக்குப் பின்னால் நீர் சுழல்வதில் வீணாகும் ஆற்றலை ஒரு கருவி ஏற்கெனவே மீட்டிருந்தால், இரண்டாவது கருவி மீட்க அங்கே என்ன மிச்சம்?

சிப்பி ஒட்டிய இறக்கையைத் துடைத்து மெருகேற்றுவது மலிவான சேமிப்பு, ஆனால் கிரைண்டரை முன்விளிம்பில் வைத்து அதன் வளைவைத் தட்டையாக்கிவிடக் கூடாது. 0.8 முதல் 2.5 மீட்டர் வரை விட்டமுள்ளவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 484 என்ற சர்வதேசத் தரநிலையின் இரண்டாம் பகுதி, அளவுகள் எவ்வளவு பிசகலாம் என்ற வரம்புகளைத் தருகிறது. 36 அங்குலமும் அதற்குள்தான் வருகிறது. வெட்டிய அந்தப் புரொப்பெல்லரை பின்னொரு நாள் கழற்றி, மைய அச்சிலிருந்து ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு தள்ளி ஒவ்வோர் இறக்கையிலும் புரியிடைத் தூரத்தை அளந்தபோது, மூன்றும் மூன்று அளவு காட்டின.