ஈறில் ரத்தம் வந்தால் என்ன செய்வது: நான் தப்பாகச் செய்து சரியாகக் கற்றுக்கொண்ட வரிசை

போன டிசம்பரில் ஒரு காலை. கோத்தகிரியில் அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொப்பளித்துத் துப்பினால் வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக ஓடியது. புதிதில்லை, இரண்டு வருடமாகவே அப்படித்தான். பிரஷ் குத்துகிறது போல என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டிருந்தேன். அதுதான் முதல் தப்பு. ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு அதிகம், அதைத் தொடாமல் விட்டால் இன்னும் வீங்கும்.

வீட்டில் சொன்னால், "உங்க தாத்தா பிரஷைக் கண்ணால் பார்த்ததில்லை, எண்பது வயசுல முறுக்கு கடிச்சார்" என்பார்கள். தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் திரும்பி வந்து, தமிழக அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயில் வேலை பார்த்தவர். பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, அவரைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. நார்வேக்காரரான ஹரால்ட் லோவும் அவர் குழுவும் 1970-ல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள் 480 பேரைத் தேர்ந்தெடுத்து, 15 ஆண்டுகள் அவர்களின் ஈறுகளைப் பார்த்துவந்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லாதவர்கள். எல்லார் வாயிலும் அழுக்கு, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனாலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமாக, மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். நான் இல்லை. அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டதில் எனக்கு இரண்டு வருடம் போனது.

படி 1: யாரிடம் போவது

பல் வலிக்கும் சொத்தைக்கும் எந்தப் பல் மருத்துவரும் போதும். ஈறு இறங்கி, பல் ஆடுகிறது, வாய் நாறுகிறது, பல் நீண்டுவிட்டது போல் தெரிகிறது என்றால் ஈறு நோயில் எம்.டி.எஸ். முடித்த பெரியோடான்டிஸ்ட்டைக் கேளுங்கள். மலையில் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்க வேண்டியதுதான். பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று தனிப் பிரிவே உண்டு. நேரம் ஆகும், செலவு குறையும்.

படி 2: அளக்கச் சொல்லுங்கள்

நான் முதலில் போன இடத்தில் இரண்டு முறை ஸ்கேலிங், அதாவது பல் சுத்தம், செய்தார்கள். ஒரு முறைகூட அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

கோவையில் மருத்துவர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். உதவியாளர் நோட்டோடு நின்றார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, அஞ்சு. அஞ்சு, நாலு, ஆறு." ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம். ஏலம் போவது போல் எண் ஏறுவதைப் படுத்துக்கொண்டே கேட்பது ஒரு தினுசான பயம். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை. 4-ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை போல ஆகிவிட்டது என்று பொருள். அந்தப் பைக்குள் உங்கள் பிரஷ் போகாது. உள்ளே எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

அந்த எண்களை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இதைவிட்டால் வேறு கணக்கு இல்லை.

சர்க்கரை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் கூட்டாளிகள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: ஆழச் சுத்தம்

ஈறுக்கு மேலே தெரியும் காரையை, அதாவது பல்லில் கல்லாக இறுகிய அழுக்கை, எடுப்பது சாதாரண ஸ்கேலிங். ஈறுக்கடியில் வேர்ப்பரப்பு வரை சுரண்டி எடுப்பது ரூட் பிளானிங். மரத்துப்போக ஊசி போட்டு, எனக்கு இரண்டு நாளில் வாயைப் பாதி பாதியாக முடித்தார்கள். வலி சொல்லும்படி இல்லை, சத்தம்தான். அப்புறம் சில வாரம் பல் கூசும். நம்மூர்க் குளிரில் கொஞ்சம் கூடுதலாகவே. வெந்நீரில் கொப்பளியுங்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று சொல்லித் தடுப்பார்கள். இடைவெளி ஏற்கெனவே இருந்தது, அதைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வற்றியதும் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

படி 4: பிரஷ்

மென்மையான நார் உள்ள சின்னத் தலைப் பிரஷ் வாங்குங்கள். 'ஹார்டு' என்று போட்டிருப்பது பாத்ரூம் தரைக்கு. கரிப்பொடி, செங்கல்பொடி, உப்பு எல்லாம் என் கட்சி இல்லை. நாரைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, ஈறைப் பார்த்து வைத்து, அதே இடத்தில் சின்னதாக அதிரச் செய்யுங்கள். தேய்த்து இழுக்காதீர்கள்.

சரியாகத் தேய்க்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: கேசரிக்குப் போடும் கலரைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் தடவிக் கொப்பளியுங்கள். நிறம் ஒட்டி நிற்கும் இடமெல்லாம் நீங்கள் விட்ட இடம். எனக்கு எல்லாப் பல் இடுக்கிலும் சிவப்புக் கோடு. (பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.)

படி 5: இடுக்கு பிரஷ், நான் விழுந்த இடம்

பாட்டில் கழுவும் பிரஷைக் குண்டூசி அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அதுதான் இன்டர்டென்டல் பிரஷ். மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கோத்தகிரியில் நான் கேட்ட மருந்துக் கடையில் பல் குச்சியை எடுத்து நீட்டினார்கள். ஆன்லைனில் ஒரே அளவில் ஒரு பாக்கெட் வாங்கினேன். முன்பல்லில் நுழையவில்லை. அழுத்தினேன், கம்பி மடங்கி ஈறில் குத்தியது. பின்பல்லில் எதையும் தொடாமல் சும்மா போய் வந்தது. நான்கு நாளில் டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து ஒவ்வோர் இடுக்காகப் போட்டுக் காட்டினார். தெரிந்துகொண்டது இது. ஒரு வாய்க்கு ஒரே அளவு போதாது. எனக்கு முன்னால் ஒன்று, கடைவாயில் அதைவிடப் பெரியது ஒன்று. நார் இரண்டு பல்லையும் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், நடுக்கம்பி பல்லில் படக்கூடாது. நிறத்தை நம்பி வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவுக்கு ஒவ்வொரு நிறம் வைத்திருக்கிறது. முதல் முறை மருத்துவரையே அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

கடைவாயில் போடும்போது எல்லாரும் வாயை 'ஆ'வென்று திறப்போம். அப்போது கன்னம் இறுகிக் கைக்கு இடமே இருக்காது. வாயைப் பாதி மூடுங்கள், கன்னம் தளரும். கம்பியை விரலால் லேசாக வளைத்து உள்ளே விட்டு, மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் இழுத்தால் போதும். பேஸ்ட் வேண்டாம். பிரஷ் நுழையவே நுழையாத இடுக்குக்கு ஃப்ளாஸ், அதாவது பல் இடுக்கில் விட்டு இழுக்கும் நூல்.

முதல் வாரம் ரத்தம் வரும். நிறுத்தாதீர்கள். முன்னே சொன்ன அதே லோ 1965-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. எனக்கு ஒன்பதாம் நாள் துப்பியது வெள்ளையாக இருந்தது. வெறும் எச்சிலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

படி 6: மவுத்வாஷ்

எழுதிக் கொடுத்தால் மட்டும், கொடுத்த நாட்களுக்கு மட்டும்.

படி 7: திரும்ப அளப்பது

இரண்டு மாதம் கழித்து மீண்டும் அதே கம்பி, அதே நோட்டு. 5 எல்லாம் 3 ஆகியிருந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். கரைந்த எலும்பு தானாக வளராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

பிறகு சேர்த்தது

மஞ்சூரிலிருந்து ஒருவர், குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் போட்டுப் பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தார். ஒரு நாளைக்கு ஆறு டீயாம். அந்த மருந்தும் டீயும் சேர்ந்தால் கறை பிடிக்கும், நீலகிரியில் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சுத்தம் செய்தால் போய்விடும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடும் கொப்பளிக்காதீர்கள், அரை மணி நேரமாவது கழியட்டும், இல்லையென்றால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

இன்னொருவர், "எனக்கு ரத்தமே வராது, ஆனால் பல் ஆடுகிறது" என்றார். பீடி உண்டா என்று கேட்டேன், உண்டு. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும். ரத்தம் வரட்டும் என்று காத்திருக்காமல் அளக்கப் போங்கள்.

இடுக்கு பிரஷ் நாறுகிறது என்று இரண்டு பேர். மஞ்சு மூடிய வாரங்களில் எனக்கும் நாறியது. ஈரத்தோடு மூடி போடாமல், கழுவி உதறி, ஜன்னலோர டம்ளரில் நிறுத்தி வைக்கிறேன். நார் படுத்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், "எல்லாமே 3 ஆகிவிட்டதா" என்று கேட்டவருக்கு: இல்லை. கீழ் வலது கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் 6 இருந்தது, 5-ல் நிற்கிறது. அடுத்த முறையும் இறங்காவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்கிறார். மார்ச்சில் தேதி.