வாட்டர் பம்புக்கு வாரண்டி வாங்கிய கதை

மே மாத வெயில். ஆம்பூர் போகும் வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முகத்தில் பீய்ச்சும். தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள்.

வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனோம். இன்ஜினுக்குள் கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பில் கசிவு. “காட்பாடியில வெளிய ஆயில் மாத்தியிருக்கீங்க சார், வாரண்டி வராது” என்றார் சர்வீஸ் அட்வைசர். ஆயிலுக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்? சத்தம் போடவில்லை. “எந்த விதிப்படி மறுக்கிறீங்கன்னு ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க” என்றேன். தயங்கினார்.

மெக்கானிக் பில்லில் ஆயில் கிரேடு, கிலோமீட்டர், தேதி எல்லாம் இருந்தன. அதைக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

ஒன்பதாம் நாள் போன்: “பம்ப் மாத்திட்டோம் சார், காசு வேண்டாம்.”

பழைய பம்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளே சீல் போனால் கசிவு வெளியே வரும் அடித்துளையைச் சுற்றிக் கூலண்ட் காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது.