மூடிப்போன குறும்பாதையின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: பிரான்ஸின் விவாரே ரயிலை வைத்து ஒரு வழிகாட்டி

பிரான்ஸின் ஊர்ப்புறங்களில் 1880களில் தொடங்கி முதல் உலகப்போர் வரை போடப்பட்ட குறும்பாதைகளில் (குறுகிய அகல ரயில் பாதைகளில்) பெரும்பாலானவற்றில் இன்று தண்டவாளம் இல்லை. ஸ்டேஷன்கள் வீடுகளாகிவிட்டன. ஆனால் காகிதங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஒரு பாதையின் வரலாற்றை எழுத உட்காருபவர் திணறுவது காகிதம் இல்லாததால் அல்ல, தவறான ஊரில் போய்த் தேடுவதால்தான். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பாதையின் சட்ட வகை. பாதை எப்போது செத்தது, ஏன் செத்தது என்பதற்கும் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரே எடுத்துக்காட்டாக விவாரே வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். ரோன் ஆற்றங்கரையிலிருந்து மலைமேட்டுக்கு ஏறி, ஆர்தேஷ், ஓத்-லுவார் ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரவியிருந்த மீட்டர் கேஜ் பாதை இது. நீளம் சுமார் 200 கி.மீ. நடத்தியது சி.எஃப்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மாவட்ட ரயில்வே கம்பெனி. மீட்டர் கேஜ் என்றால் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் முழு மாநிலத்தையும் இணைத்த பாதை நினைவுக்கு வரும். பிரான்ஸில் அப்படி இல்லை. அது துண்டு துண்டான சிறு வலையமைப்புகளின் அகலம். பெரிய பாதையைத் தொடும் இடத்தில் சரக்கை வண்டி மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

சட்ட வகையை முதலில் கண்டுபிடியுங்கள்

மூன்று வகைகள் உண்டு. அரசு தன் பொறுப்பில் வைத்துக்கொண்ட பொதுநலப் பாதை ஒன்று. 1865 ஜூலை 12 சட்டத்தின்படி மாவட்டமோ ஊராட்சியோ போட்டுக்கொண்ட உள்ளூர்நலப் பாதை இரண்டாவது. சாலையோரத்தில் ஓடிய டிராம் மூன்றாவது. 1880 ஜூன் 11 சட்டம் உள்ளூர்நலப் பாதைக்கும் டிராமுக்கும் விதிகளைப் புதிதாக வகுத்தது. வெளித்தோற்றத்தை வைத்து வகையை ஊகிக்காதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி எஞ்சின், ஒரே அகலம் என்றிருந்தாலும் வகை வேறாக இருக்கலாம். சி.எஃப்.டி. என்ற பெயரில் ‘மாவட்ட’ என்ற சொல் இருப்பதைப் பார்த்து விவாரேயை மாவட்டப் பாதை என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். உண்மையில் அது பொதுநலப் பாதை.

வகையைத் தெரிந்துகொள்ள, பாதையைப் ‘பொதுப் பயன் உள்ளது’ என்று அறிவித்த சட்டத்தையோ அரசாணையையோ தேடிப் படிக்க வேண்டும். அது பிரெஞ்சு அரசிதழிலும், 1931 வரை வெளிவந்த சட்டத் தொகுப்பு இதழிலும் இருக்கும். தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இரண்டையும் இலவசமாகப் படிக்கலாம். முதல் பிரிவிலேயே ‘பொதுநலம்’ அல்லது ‘உள்ளூர்நலம்’ என்ற சொல் வந்துவிடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னிணைப்பாக வரும் ஒப்பந்தமும் நிபந்தனைப் பத்திரமும்தான் புதையல். பாதையின் அகலம், அதிகபட்சச் சரிவு, வளைவின் குறைந்தபட்ச ஆரம், ஒரு நாளைக்கு ஓட்டவேண்டிய குறைந்தபட்ச வண்டிகள், கட்டண விகிதம், நட்டத்தை யார் எவ்வளவு தாங்குவது என்று எல்லாம் அங்கே பிரிவு வாரியாக இருக்கும்.

காலிக்காவில் தேடும்போது ஊர்ப்பெயரைப் பல வடிவங்களில் கொடுங்கள். அச்சை எழுத்தாக மாற்றிய மென்பொருள் பெயருக்கு முன்னால் வரும் ‘சேன்’ என்பதன் சுருக்கத்தைத் தவறாகப் படிக்கும். உச்சரிப்புக் குறிகளையும் விட்டுவிடும். சேன்-அக்ரேவ் என்று தேடினால் ஒன்றுமில்லை, அக்ரேவ் என்று மட்டும் தேடினால் வந்து கொட்டுகிறது என்பது வழக்கம்.

எந்த ஆவணக்காப்பகம்

உள்ளூர்நலப் பாதை, டிராம் என்றால் மாவட்ட ஆவணக்காப்பகம்தான் தலைவாசல். 1800 முதல் 1940 வரையான பொதுப்பணி, போக்குவரத்துக் காகிதங்கள் எஸ் வரிசையில் இருக்கும். மாவட்ட மன்றத்தின் கூட்டக் குறிப்புகளும் மாவட்டத் தலைமை அதிகாரியின் ஆண்டறிக்கைகளும் என் வரிசையில். 1940க்குப் பிந்தையவை டபிள்யூ வரிசையில். ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் அச்சுப் புத்தகங்கள். பல மாவட்டங்கள் இணையத்திலும் ஏற்றியிருக்கின்றன. புகார், விபத்து, ஸ்டேஷன் எந்த ஊருக்கு என்ற சண்டை எல்லாம் அவற்றில் பக்கம் பக்கமாக வரும். முதலில் இவற்றைப் படித்துவிட்டு எஸ் வரிசைக்குப் போனால் எந்தப் பெட்டியைக் கேட்பது என்று தெரியும்.

பொதுநலப் பாதை என்றால் அமைச்சகத்தின் காகிதங்களையும் பார்க்க வேண்டும். பாரிஸுக்கு வடக்கே பியேர்ஃபித்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் எஃப் 14 வரிசை பொதுப்பணிக்கு உரியது. விவாரேக்கு இதோடு ஆர்தேஷின் காப்பகம் இருக்கும் பிரிவா, ஓத்-லுவாரின் காப்பகம் இருக்கும் லெ புய் இரண்டுக்கும் போக வேண்டும். ஒரு மாவட்டத்தோடு நிறுத்தினால் பாதையின் மேல்பாதி காணாமல் போகும். தனியார் கம்பெனிகளின் காகிதங்களுக்கு ரூபே நகரிலுள்ள தொழில் உலக தேசிய ஆவணக்காப்பகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

பலர் நேரத்தை இழக்கும் இடம் பிரெஞ்சு தேசிய ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். ஆவணங்கள். 1938இல் தேசிய நிர்வாகத்துக்குள் போனவை பெரிய கம்பெனிகள் மட்டுமே. சி.எஃப்.டி. போன்ற சிறு கம்பெனிகள் வெளியே நின்றன. தாத்தா விவாரேயில் எஞ்சின் ஓட்டியிருந்தால் அவருடைய பணிக்கோப்பை எஸ்.என்.சி.எஃப். காப்பகத்தில் தேடுவது வீண்.

தேதியைப் பிரித்து எழுதுங்கள்

‘பாதை எப்போது திறந்தது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒற்றை விடை கிடையாது. விவாரேயில் மலைமேட்டின் துனியேர்-சேன்-அக்ரேவ் பகுதி 1890இல் ஓடத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் தூர்னோன்-லமாஸ்த்ர், லா வூல்த்-லெ ஷெய்லார் இரண்டும் 1891இல். லெ ஷெய்லாரிலிருந்து சேன்-அக்ரேவுக்கு ஏறும் இணைப்பு 1902இல், லமாஸ்த்ர்-லெ ஷெய்லார் இணைப்பு 1903இல். அதாவது பத்தாண்டுகளுக்கு மேல் இது வலையமைப்பே அல்ல, ஒன்றையொன்று தொடாத மூன்று துண்டுகள். இதை ‘1890-1968’ என்று ஒரே வரியில் எழுதினால் அந்தப் பத்தாண்டுகளில் பள்ளத்தாக்குச் சந்தைக்கும் மலைமேட்டுக்கும் ரயில் தொடர்பு இல்லை என்ற முக்கியமான உண்மை மறைந்துவிடும். மூடியதும் அப்படித்தான்: லவூத்-சுர்-லுவாரிலிருந்து ரோகூலுக்கு வந்த கிளை 1952இல் நின்றது, மற்றவை 1968 அக்டோபர் 31 வரை ஓடின.

எனவே ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரி போடுங்கள். அதில் அனுமதி, திறப்பு விழா, பொதுமக்கள் சேவை தொடக்கம், பயணிகள் சேவை முடிவு, சரக்குச் சேவை முடிவு, பாதைப் பட்டியலிலிருந்து நீக்கம் என்று ஆறு கட்டங்கள் வேண்டும். இவற்றைக் குழப்புவதால்தான் ஒரே பாதைக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகள் அச்சாகின்றன. விழா ஒரு நாள், வண்டி ஓடியது இன்னொரு நாள் என்பது சாதாரணம்.

சேவை நின்ற தேதிக்கு, ஷேக்ஸ் என்ற பதிப்பகம் வெளியிட்ட ரயில் கால அட்டவணைகள் நல்ல சாட்சி, ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். ரயிலை எடுத்துவிட்டுப் பேருந்து விட்ட பிறகும் அதே அட்டவணை எண், அதே ஊர்கள் தொடரலாம். பேருந்து என்பது ஓரத்தில் ஒரு சிறு குறியாகவோ அடிக்குறிப்பாகவோ மட்டும் இருக்கும். இரண்டு போர்களும் தேதியைக் குலைக்கும். முதல் போரில் சில சிறு பாதைகளின் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் போரில் பெட்ரோல் இல்லாததால், மூடியிருந்த பாதைகள் சில மறுபடி உயிர்பெற்றன. அப்படிப்பட்ட பாதைக்கு இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும், இரண்டும் சரியானவையே.

பணக் கணக்கு

அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்ட ரயில் புள்ளிவிவரத் தொகுதிகளில் ஒவ்வொரு பாதைக்கும் நீளம், வரவு, செலவு இருக்கும். கிலோமீட்டர் ஒன்றுக்கான வரவையும் செலவையும் ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்து எழுதினாலே கதை தெரியும். செலவை வரவால் வகுத்து, 1ஐத் தாண்டும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பிராங்க் ஏமாற்றும். 1914க்கும் 1928க்கும் இடையில் பிராங்க் தன் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கை இழந்தது. 1928 ஜூன் சட்டம் அந்த வீழ்ச்சியை அப்படியே அதிகாரப்பூர்வமாக்கியது. ஆகவே 1913இல் இருந்ததைவிட 1927இல் வரவு மூன்று மடங்கு என்று கண்டால் அது வளர்ச்சி அல்ல, வீழ்ச்சி. 1960 ஜனவரியில் 100 பழைய பிராங்க் 1 புதிய பிராங்க் ஆனது. விவாரேயின் கடைசிப் பத்தாண்டுக் கணக்குகளைப் பழையவற்றோடு ஒப்பிடும்போது இந்த இரண்டு முறிவுகளையும் கோடிட்டுக் காட்ட வேண்டும்.

சட்ட வகை மறுபடி இங்கே வருகிறது. 1930களில் நட்டத்தைத் தாங்க முடியாத மாவட்டங்கள் தங்கள் பாதைகளை ஒவ்வொன்றாகப் பேருந்துக்கு மாற்றின. ரயிலையும் சாலையையும் ஒருங்கிணைக்க 1934 ஏப்ரல் 19இல் வந்த ஆணைச்சட்டம் அதற்கு வேகம் கொடுத்தது. பொதுநலப் பாதைகளில் முடிவு பாரிஸ் கையில் இருந்தது. விவாரே 1968 வரையும், பிரித்தானி பகுதியின் மீட்டர் கேஜ் வலையமைப்பு 1967 வரையும் நீடித்ததை மக்களின் பாசத்தால் மட்டும் விளக்க முடியாது. செலவைக் குறைத்ததும் ஒரு காரணம்: 1930களில் டீசல் ரயில்கார்கள் வந்தபின், பயணிகளுக்காக நீராவி எஞ்சினை மூட்டவேண்டிய தேவை குறைந்தது. எஞ்சின் பட்டியல் போடும்போது அதை வேடிக்கைப் பொருளாக வைக்காமல் இந்தக் கணக்கோடு சேருங்கள். 1903இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த மாலே எஞ்சின் 403, 1932இல் வந்த 414 இரண்டுமே இரண்டு தொகுதிச் சக்கரங்களாகப் பிரிந்து வளைபவை. கடுமையான ஏற்றமும் நெருக்கமான வளைவும் சேர்ந்த பாதைக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது.

மனிதர்களும் படங்களும்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியல்கள் மாவட்டக் காப்பகத் தளங்களில் இலவசம். 1906 முதல் 1936 வரையானவற்றில் தொழிலோடு முதலாளியின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். ஸ்டேஷன் இருந்த ஊரின் பட்டியலில் சி.எஃப்.டி. என்ற எழுத்துகளைத் தேடினால் ஸ்டேஷன் மாஸ்டர், கேட் காப்பவர், தண்டவாளக் கூலி எல்லோரும் கிடைப்பார்கள். கேட் காத்தவர்களில் பெண்கள் பலர். லெ ஷெய்லாரில் பட்டறை இருந்ததால் அங்கே பட்டியல் நீளம்.

பயணிகள் யார் என்பதையும் தேடுங்கள். சேன்-எத்தியேன் நகரத்துப் பாதிரியார் லூயி கோம்த் 1893இல் தொடங்கிய அமைப்பு, புகைமண்டிய தொழில்நகரத்துப் பிள்ளைகளைக் கோடையில் இந்த மலைமேட்டுக்கு அனுப்பியது. பெரிய ரயிலில் துனியேர் வரை வந்து சிறு ரயிலுக்கு மாறுவார்கள். இரண்டாம் போரில் இந்த மலைமேட்டு ஊரான ஷாம்போன்-சுர்-லிஞோனுக்கு அடைக்கலம் தேடி வந்த யூதர்கள் பலரும் இந்த ரயிலில் வந்து இறங்கினார்கள். வரவு செலவுப் பட்டியலில் இது ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் கணக்கோடு நின்றுவிடக் கூடாது.

அஞ்சலட்டைகள் ஸ்டேஷனுக்கு மிகச் சிறந்த சான்று. பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றால் 1904க்கு முன் அச்சானது. செய்திக்கும் முகவரிக்கும் இரண்டாகப் பிரித்திருந்தால் அதற்குப் பிறகு. அஞ்சல் முத்திரை படம் எடுத்த தேதி அல்ல. பழைய படத்தைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து விற்றவர்கள் உண்டு.

வரைபடமும் தரையும்

தேசிய புவியியல் நிறுவனத்தின் தளத்தில் 1950-65 வான்படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விவாரேக்கு அது பொன்னானது, ஏனென்றால் பாதை அப்போது உயிரோடு இருந்தது. அதே தளத்தில் 1820-1866 என்று போட்டிருக்கும் ராணுவ வரைபடத்தில் பாதையைத் தேடாதீர்கள். அது இந்த ரயிலுக்கு முந்தையது. காடு மூடிய இடங்களில் லேசர் அளவீட்டுப் படம் மண்கரையையும் வெட்டுப்பள்ளத்தையும் மரங்களை நீக்கிக் காட்டும். நில அளவை வரைபடத்தில் வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நீண்ட ஒல்லியான துண்டு பெரும்பாலும் பாதையின் நிலமே.

ஊர்ச் சாலையா, பாதையா என்று சந்தேகம் வந்தால் சரிவைக் கணக்கிடுங்கள். உயர வேறுபாட்டைத் தூரத்தால் வகுக்க வேண்டும். 1 கி.மீ.க்கு 35 மீட்டருக்குள் சீராக ஏறினால் ரயில் பாதையாக இருக்கலாம். திடீரென 70, 80 என்று எகிறினால் அது சாலைதான். சாலையோர டிராமுக்கு மட்டும் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது, அது சாலையின் சரிவையே பின்பற்றியது.

நேரில் போக விவாரே வசதியானது. லா வூல்திலிருந்து லெ ஷெய்லார் வழியாக மேலேறும் பழைய தடம் இப்போது தோல்சே வியா என்ற மிதிவண்டிப் பாதை. தூர்னோன்-லமாஸ்த்ர் பகுதியை ஆர்வலர்கள் 1969இலேயே சுற்றுலா ரயிலாக மீட்டார்கள். 2008இல் நின்று, 2013இல் தூர்னோன்-சேன்-ழான் என்ற புதிய தொடக்க ஸ்டேஷனிலிருந்து மீண்டும் ஓடுகிறது. மேலே ரோகூலிலிருந்து தான்ஸ், ஷாம்போன் வழியாக சேன்-அக்ரேவ் வரை இன்னொரு சுற்றுலா ரயில் இருக்கிறது. மற்ற இடங்களில் ஸ்டேஷன் வீடுகள் தனியார் சொத்து. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள், மேற்கல் விழுவது சகஜம். பாலங்களின் அகலத்தையும் ஸ்டேஷன் கட்டடத்தின் கதவு எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு நிபந்தனைப் பத்திரத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் பின்னாளில் விரிவாக்கமோ வெட்டிக் குறைப்போ நடந்திருக்கும். அதன் செலவு மாவட்ட ஆண்டறிக்கையிலோ அமைச்சகக் கோப்பிலோ பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

எழுதும்போது ஒவ்வொரு தேதிக்கும் எடைக்கும் தொகைக்கும் பக்கத்தில் காப்பகத்தின் பெயர், வரிசை எழுத்து, பெட்டி எண் மூன்றையும் குறித்து வையுங்கள். படத்துக்கு எடுத்த தேதி தெரியாவிட்டால் ‘இந்த ஆண்டுக்கு முன்’ என்று மட்டும் எழுதுங்கள். முடித்த பிரதியில் ஒன்றை அந்த மாவட்டக் காப்பகத்தின் நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த பாதையைத் தேடி வருபவருக்கு அது அங்கே கிடைக்கும்.